‘நான் இப்படித்தான்’ – முடிவா, கருதுகோளா?

தன்முனைப்பு முகாம் முடிந்த மறுவாரம் வகுப்பறையில் ஒரு புதிய மொழி புழங்கத் தொடங்கும். “நான் நீலம் டீச்சர்.” “அவன் சிவப்பு, அதான் சட்டுன்னு கோவம் வருது.” “நான் இன்ட்ரோவெர்ட், என்னை முன்னால வந்து பேசச் சொல்லாதீங்க.” இருபது கேள்விக்குப் பதில் எழுதி, புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து, ஒரு நிறமோ ஒரு விலங்கோ நான்கு எழுத்தோ கையில் கிடைத்ததும், பதினைந்து ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த தன்னைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு நிம்மதி.

விளையாட்டோடு நின்றால் நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். நிற்பதில்லை. கணிதத்திலும் அறிவியலிலும் நல்ல புள்ளிகள் வாங்கும் ஒரு படிவம் 3 மாணவி, படிவம் 4-க்கு இயற்பியலும் கூடுதல் கணிதமும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறாள். காரணம் கேட்டால், “நான் படைப்பாற்றல் வகைன்னு வந்திருக்கு டீச்சர், லாஜிக் வகை இல்ல.” அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிப்பு 2020-இல் போய்விட்டது, இப்போது பாடங்களை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அந்தச் சுதந்திரத்தை இருபது கேள்வித் தாள் ஒன்றிடம் கொடுத்துவிட்டு வருவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இலக்கு வைத்தல், நேரத்தைக் கையாளுதல், தன் குணத்தைப் புரிந்துகொள்ளுதல் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துச் சுய மேலாண்மை என்கிறோம். உங்களுக்கு அது தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைக் கற்பிக்கும்போது மட்டும் ஏன் அறிவியலை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே வருகிறோம் என்பதே என் கேள்வி. தொடக்கப்பள்ளியிலிருந்தே உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள், மாறி என்று படித்து வருகிறீர்கள். பல்லி வால், பச்சையம், ஊசல் என எதற்கெல்லாமோ அவற்றைப் பயன்படுத்துகிறீர்கள். உங்களைப் பற்றிய விஷயத்தில் மட்டும் யாரோ சொன்னதை அப்படியே நம்புகிறீர்கள்.

முதலில் அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவரிடமும் அவரவர் பெயரெழுதிய ஓர் அறிக்கையைக் கொடுத்து, இது உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது, 0 முதல் 5 வரை புள்ளி போடுங்கள் என்றார். சராசரி 4.26 வந்தது. ஏறக்குறைய முழுப் புள்ளி! பிறகுதான் உண்மையைச் சொன்னார். அனைவருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே அறிக்கை. அதிலிருந்த வரிகளில் பெரும்பாலானவை கடையில் விற்கும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

அந்த வரிகள் எந்த மாதிரி இருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. ‘சில நேரம் கலகலப்பாக இருப்பீர்கள், சில நேரம் தனிமையை விரும்புவீர்கள்’, ‘உங்கள் திறமையில் ஒரு பகுதியை இன்னும் நீங்கள் பயன்படுத்தவில்லை’ என்று நானே இப்போது எழுதலாம். இந்தப் பக்கத்தைப் படிக்கும் அத்தனை பேருக்கும் பொருந்தும். உங்கள் அம்மாவுக்கும் பொருந்தும். எல்லாருக்கும் பொருந்தும் விவரம் உங்களைப் பற்றி எதையும் சொல்வதில்லை. வேண்டுமானால் நண்பர்களிடம் செய்து பாருங்கள். இந்த வார ராசிபலனில் பன்னிரண்டு ராசிகளின் பெயரையும் மறைத்துவிட்டு, உன்னுடையது எது, எடு பார்க்கலாம் என்று கேளுங்கள். எத்தனை பேர் சரியாக எடுக்கிறார்கள் என்று எண்ணுங்கள். குருட்டாம்போக்கில் எடுத்தாலே பன்னிரண்டில் ஒருவருக்குச் சரியாக வரும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நான்கு எழுத்துத் தேர்வான எம்.பி.டி.ஐ. இதைவிடக் கொஞ்சம் கௌரவமான சங்கதி. கேத்தரின் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் மையர்ஸ் என்ற இரு அமெரிக்கப் பெண்மணிகள், கார்ல் யூங் 1921-இல் வெளியிட்ட நூலின் கருத்துகளைக் கொண்டு உருவாக்கியது. இருவரும் உளவியலை முறையாகப் பயின்றவர்கள் அல்லர். அது பெரிய குற்றமில்லை; முறையாகப் பயிலாதவர்களும் நல்ல கண்டுபிடிப்புகளைச் செய்திருக்கிறார்கள். சிக்கல் அளக்கும் விதத்தில் இருக்கிறது. உங்கள் வகுப்பில் 165 சென்டிமீட்டரில் ஒரு கோடு போட்டு, மேலே இருப்பவர்கள் ‘நெட்டை வகை’, கீழே இருப்பவர்கள் ‘குட்டை வகை’ என்று பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். 164 இருப்பவனும் 166 இருப்பவனும் வெவ்வேறு இனம். 166 இருப்பவனும் 185 இருப்பவனும் ஒரே இனம்! மனிதர்களில் பெரும்பாலோர் நடுப்பகுதியில்தான் இருக்கிறார்கள், உயரத்திலும் சரி, கலகலப்பிலும் சரி. நடுவில் கத்தியை வைத்தால் இன்று இந்தப் பக்கம் விழுந்தவர், அடுத்த மாதம் அதே தேர்வை எழுதும்போது அந்தப் பக்கம் விழுவார். அப்படி மாறி விழுபவர்கள் நிறையவே இருக்கிறார்கள். இன்று 37 பாகையும் நாளை 40 பாகையும் காட்டும் வெப்பமானியை ஆய்வுக்கூடத்தில் என்ன செய்வோம்?

‘நான் பார்த்துக் கற்பவன், கேட்டால் ஏறாது’ என்பதும் இதே குடும்பம்தான். மாணவரின் கற்றல் பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் அவர் கூடுதலாகக் கற்கிறார் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். விரல் ரேகையைப் பதித்து மூளையின் திறனைச் சொல்கிறோம் என்று பெற்றோரிடம் காசு வாங்குபவர்களைப் பற்றி என்ன சொல்வது? கருவிலேயே உருவாகிவிடும் ரேகைக்கும் நீங்கள் எந்தப் பாடம் எடுக்க வேண்டும் என்பதற்கும் ஒரு தொடர்பும் நிறுவப்படவில்லை.

அப்படியென்றால் குணநலத்தை அளக்கவே முடியாதா? முடியும். ஆய்வாளர்கள் இன்று அதிகம் பயன்படுத்துவது ஐந்து அளவுகோல்கள்: புதியதை நாடும் மனம், ஒழுங்கும் பொறுப்பும், கலகலப்பு, இணக்கம், எளிதில் பதற்றமடையும் தன்மை. இங்கே வகை கிடையாது. ஒவ்வொன்றிலும் நீங்கள் ஓரிடத்தில் இருப்பீர்கள், அவ்வளவுதான். அந்த இடமும் நகரும். பதின்ம வயதின் தொடக்கத்தில் ஒழுங்கும் பொறுப்பும் சராசரியாகச் சற்று இறங்குகின்றன. இருபதுகளில் மீண்டும் ஏறுகின்றன. உங்கள் அறையைப் பார்த்து அம்மா போடும் சத்தத்திற்கு இதைப் பதிலாகச் சொல்ல வேண்டாம். ஆனால் பதினான்கு வயதில் ‘நான் பொறுப்பில்லாதவன்’ என்று முத்திரை குத்திக்கொள்வது, ஓடும் பேருந்தைப் படம் பிடித்துவிட்டுப் பேருந்து இங்கேதான் நிற்கிறது என்பதைப் போன்றது.

‘நான் ராத்திரி ஆள், காலையில மூளை வேலை செய்யாது’ என்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. இது உங்கள் ‘குணம்’ என்பதைவிட உங்கள் வயது என்பதே பெரும்பாலும் சரி. உங்கள் வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பள்ளிப் பேருந்து ஆறு மணிக்கு வாசலில் நிற்கும்போது அது எப்படிக் கிடைக்கும் என்று நீங்கள் கேட்டால், நியாயமான கேள்வி. என்னிடம் கேட்பதோடு நிற்காமல் பெரியவர்களின் கூட்டங்களிலும் கேட்க வேண்டியது.

இனி, இலக்கு. யேல் பல்கலைக்கழகத்தில் 1953-இல் இலக்கை எழுதி வைத்த 3 விழுக்காட்டினர் இருபது ஆண்டுகள் கழித்து மற்ற 97 விழுக்காட்டினரை விட அதிகம் சம்பாதித்தார்கள் என்ற கதையை ஏதாவது ஒரு முகாமில் கேட்டிருப்பீர்கள். சில மேடைகளில் யேல் ஹார்வார்டாக மாறிவிடும். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. தேடிப் பார்த்தவர்களுக்கு எந்தப் பதிவும் கிடைக்கவில்லை. நல்லதைச் சொல்லும் கதைதானே, பொய்யாக இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். பொய்க் கதை உண்மையான ஆய்வின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அதுதான் நட்டம்.

உண்மையான ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். ஜெர்மனியில் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளரும் 1997-இல் வெளியிட்டது. மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்தார்கள்: கிறிஸ்துமஸ் முன்னிரவை எப்படிக் கழித்தீர்கள் என்று, அடுத்த 48 மணி நேரத்துக்குள் ஓர் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். விடுமுறை, விருந்து, உறவினர்கள் என்று வீடே நிறைந்திருக்கும் நாள்கள். நம் தீபாவளி மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னதாக நினைத்துக்கொள்ளுங்கள்! ஒரு பாதியினரிடம் மட்டும், எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்பதை முன்கூட்டியே குறிக்கச் சொன்னார்கள். குறித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எழுதி முடித்தார்கள். குறிக்காதவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான். இரு தரப்பினரும் செய்ய ஒப்புக்கொண்டவர்களே. ‘செய்வேன்’ என்பதற்கும் ‘எப்போது, எங்கே செய்வேன்’ என்பதற்கும் இடையில் இவ்வளவு தூரம்.

‘எஸ்.பி.எம்.மில் 10 ஏ’ என்று சுவரில் ஒட்டியிருக்கிறீர்களா? இருக்கட்டும். தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு ‘முடிந்ததைச் செய்வோம்’ என்பதைவிடச் சிறந்தது என்று பல ஆண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அந்தத் தாள் இன்று மாலை நான்கு மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாது. ‘பேருந்திலிருந்து இறங்கி, குளித்து, சாப்பிட்டு முடித்ததும், சமையலறை மேசையில் இயற்பியல் கணக்கு மூன்று போடுவேன்’ என்று ஒரு வரி எழுதினால் அது சொல்லும். சாப்பிட்டு முடித்ததும் என்பதுதான் இதில் மணியோசை. மணி அடித்தால் வகுப்பு மாறுவதற்கு நாம் யோசிப்பதில்லை அல்லவா?

மூன்று கணக்குக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறோம். 1994-இல் வெளிவந்த கனடா நாட்டு ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் இறுதியாண்டு ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்தார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். எடுத்துக்கொண்டது 55 நாளுக்கு மேல். மிக மோசமான கணிப்பையும் உண்மை தாண்டிப்போய்விட்டது. இந்தப் பழக்கத்திற்குத் திட்டமிடல் மயக்கம் என்று பெயர் சொல்லலாம். டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இருவர் 1979-லேயே அடையாளம் காட்டினார்கள். மருந்து எளியது. இடுபணியைத் தொடங்கும் முன் புத்தகத்தின் ஓரத்தில் உங்கள் கணிப்பை எழுதுங்கள். முடித்ததும் எடுத்த நேரத்தை எழுதுங்கள். பத்துப் பதிவு சேர்ந்ததும் இரண்டாவது கூட்டுத்தொகையை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். 1.6 என்று வந்தால், அடுத்த முறை ‘அரை மணி’ என்று தோன்றும் வேலைக்கு 48 நிமிடம் ஒதுக்குங்கள். உங்களைப் பற்றி உங்களுக்கு உண்மையாகத் தெரிந்த முதல் எண் அதுவாக இருக்கலாம். நீலம், சிவப்பைவிட எனக்கு அந்த 1.6-இன் மேல்தான் மரியாதை.

மனத்தின் உணர்வு நம்மை ஏமாற்றும் இன்னொரு இடம் படிப்பு. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பத்தி கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை தாளை மூடி நினைவிலிருந்து எழுதியது. ஒரு வாரம் கழித்து, நான்கு முறை படித்தவர்களுக்கு 40 விழுக்காடு நினைவிருந்தது. நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 61 விழுக்காடு. இதில் கவனிக்க வேண்டியது வேறு. ஒரு வாரம் கழித்து நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள், நான்கு முறை படித்தவர்கள்தான்! வண்ணப் பேனாவால் கோடு போட்டுப் போட்டுப் படிக்கும்போது ‘எல்லாம் தெரியும்’ என்று ஓர் உணர்வு வருகிறதே, அது நம்பகமில்லாத கருவி.

என்னை நம்ப வேண்டாம், நீங்களே ஆராய்ந்து பாருங்கள். உயிரியலில் ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரண்டு பகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நாற்பது நிமிடம் திரும்பத் திரும்பப் படியுங்கள். மற்றதை இருபது நிமிடம் படித்து, இருபது நிமிடம் புத்தகத்தை மூடி எழுதுங்கள். ஒரு வாரம் தொடக்கூடாது. நண்பரிடம் சொல்லி இரண்டிலும் பத்துப் பத்துக் கேள்வி எடுக்கச் சொல்லுங்கள். தற்சார்பு மாறி படிக்கும் முறை. சார்பு மாறி கிடைக்கும் புள்ளி. கட்டுப்படுத்தப்பட்ட மாறி நேரம். ‘ஒரு பகுதி இயல்பாகவே சுலபமாக இருந்தால்?’ என்று கேட்கிறீர்கள் என்றால், சபாஷ். உங்கள் நண்பர் அதே இரண்டு பகுதிகளை முறை மாற்றிப் படிக்கட்டும். இருவரின் புள்ளிகளையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு பேர் போதாதுதான். வகுப்பே சேர்ந்தால் நல்லது.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்பதையும் சற்றுத் தள்ளி வையுங்கள். அந்த எண் 1960-இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர் எழுதிய நூலிலிருந்து கிளம்பியது. நோயாளிகள் தங்கள் புதிய தோற்றத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் பிடிக்கிறது என்று அவர் கவனித்தார். ‘குறைந்தது’ எங்கோ வழியில் விழுந்துவிட்டது. லண்டனில் 96 பேரைக் கொண்டு செய்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு சிறு செயல் தன்னிச்சையாக நடக்கத் தொடங்க எடுத்த நாள்களின் நடு அளவு 66. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. இருபத்திரண்டாம் நாள் காலையில் எழ முடியாமல் போனவன் ‘எனக்கு மன உறுதி இல்லை’ என்று முடிவுகட்டி விட்டுவிடுகிறான். அவனுக்கு இன்னும் நாற்பத்து நான்கு நாள் தேவைப்பட்டிருக்கலாம்.

மன உறுதி என்றதும் எனக்கு ஒரு கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் 1960-களின் பிற்பகுதியில் தொடங்கிய மார்ஷ்மெல்லோ ஆய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் படிப்பில் சிறந்தார்கள் என்பார்கள். 2018-இல் வேறு ஆய்வாளர்கள் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளைப் பார்த்தபோது அந்தத் தொடர்பு முன்பு கண்டதில் ஏறத்தாழ பாதியாக இருந்தது. குடும்பப் பின்னணியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது. அதாவது காத்திருக்கும் திறமை என்று நாம் நினைத்ததில் பெரும்பகுதி, காத்திருக்க வசதியான வீடு.

இரண்டு தம்பிகளோடு ஒரே அறையில் படுக்கும் பையன், சனி ஞாயிறு இரவுச் சந்தைக் கடையில் அம்மாவுக்கு உதவும் பெண், இவர்களிடம் போய் ‘உனக்குச் சுய கட்டுப்பாடு போதாது’ என்பது அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது உரை அல்ல. பள்ளி நூலகம் மாலை ஐந்து வரை திறந்திருப்பது. அப்படித் திறந்து வைக்கும் பள்ளிகளில் மூலை மேசைகள் முதலில் நிறைவதை நான் பார்த்திருக்கிறேன்.

மிஷலின் ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. காத்திருந்த குழந்தைகள் பல்லைக் கடித்துக்கொண்டு மிட்டாயை முறைத்துப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்கள், திரும்பி உட்கார்ந்தார்கள், தங்களுக்குள் பாடிக்கொண்டார்கள். மிட்டாயை மூடி வைத்தபோது குழந்தைகள் சராசரியாகக் கூடுதல் நேரம் காத்திருந்தார்கள். உங்கள் மிட்டாய் எது என்று உங்களுக்கே தெரியும். புலனத்தில் குழு அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும்போது கைப்பேசியைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு மன உறுதியோடு போராடாதீர்கள். பாட்டியின் அறையில் மின்னூட்டத்தில் போட்டுவிட்டு வாருங்கள்.

படிவம் 3 மாணவர்களே, பாடத் தேர்வுப் படிவம் உங்கள் கைக்கு வருவதற்குச் சில வாரங்கள் இருக்கும். முகாமில் கொடுத்த அந்தத் தாள் இன்னும் இருந்தால் கிழித்துப் போட வேண்டாம். அதன் தலையில் பென்சிலால் ‘கருதுகோள்’ என்று எழுதி, தேதி போடுங்கள். ‘எனக்கு இயற்பியல் வராது’ என்று அது சொன்னால், பள்ளி நூலகத்தில் படிவம் 4 இயற்பியல் பாடநூலை வாங்கி, முதல் இயலை வாரத்துக்கு இரண்டு நாள், நூலக மேசையில், நாற்பது நிமிடம் என்று ஆறு வாரம் போட்டுப் பாருங்கள். எத்தனை கணக்கு போட்டீர்கள், எத்தனை சரி என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு ஆலோசக ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.